அப்பாவிடம் சொல்ல வேண்டாம்: புற்றுநோய் மருத்துவத்தில் உண்மையும் உறவும்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று புற்றுநோய் மருத்துவரின் அறைக்குள் முதலில் நுழைபவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை. மகனோ மருமகனோ உள்ளே வந்து கதவைச் சாத்துவார். "அப்பாவுக்கு எதுவும் தெரியாது டாக்டர். அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, அவர் தாங்க மாட்டார்" என்பார். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவர், செவிலியர் யாரைக் கேட்டாலும் இந்தப் பேச்சைப் பழக்கப்பட்ட ஒன்றாகவே சொல்வார்கள். நோய் அம்மாவுக்கு என்றால் இந்த வேண்டுகோள்கூடப் பல வீடுகளில் தேவைப்படுவதில்லை. அவரிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியே அங்கு எழாது.

அந்த மகனை மூடர் என்றோ, மருத்துவரைக் கோழை என்றோ தள்ளிவிட்டுப் பேசுவது சுலபம். மருத்துவ அறவியல் பாடநூல்கள் பல அதைத்தான் செய்கின்றன. நோயாளியின் தன்னுரிமை என்ற கொள்கையை முன்னே வைத்து, குடும்பத்தை அதற்குத் தடையாகப் பார்க்கின்றன. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரல், "இது நம் பண்பாடு, வெள்ளைக்காரன் வழக்கம் இங்கே செல்லாது" என்கிறது. இரண்டுமே கேள்வியைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம். முதலில் பண்பாடு என்ற வாதத்தைப் பார்த்துவிடலாம். வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை.

நோயாளியிடம் மறைப்பது உலகம் முழுக்க இருந்த மருத்துவ ஒழுக்கம். ஹிப்போகிரட்டீஸ் மரபைச் சேர்ந்த நூல் ஒன்று, சிகிச்சை செய்யும்போது பெரும்பாலானவற்றை நோயாளியிடமிருந்து மறைத்துவிடு என்று மருத்துவனுக்கு அறிவுரை சொல்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் வகுத்த முதல் ஒழுக்க விதிகளின்படி, ஆபத்தான நிலையை நோயாளியின் நெருங்கியவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும். நோயாளியிடம் சொல்வது தவிர்க்கவே முடியாதபோதுதான். நம் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது கிட்டத்தட்ட இதையேதான்.

1961-இல் டொனால்ட் ஓக்கன் என்ற மனநல மருத்துவர் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் 219 மருத்துவர்களிடம், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டார். பத்தில் ஒன்பது பேர் சொல்வதைத் தவிர்ப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். ஏன் என்றதற்கு, அனுபவத்தில் கண்டது என்று பெரும்பாலோர் பதில் சொன்னார்கள். ஓக்கன் மேலும் துருவியபோது, மாற்று வழியை ஒரு தடவையாவது முயன்று பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே என்று தெரிந்தது. அவர்கள் அனுபவம் என்று நம்பியது உண்மையில் அச்சம். அதே கேள்விப் படிவத்தை ஒட்டி ரோச்செஸ்டரில் இன்னொரு ஆய்வுக் குழு 1979-இல் வெளியிட்ட முடிவில், 97 விழுக்காட்டினர் சொல்வதே தங்கள் வழக்கம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம். அதற்குள் அமெரிக்கப் பண்பாடு அடியோடு மாறிவிடவில்லை. சிகிச்சைகள் மேம்பட்டிருந்தன. பரிசோதனை மருந்துகளுக்கு நோயாளியின் கையெழுத்து தேவைப்பட்டது. நீதிமன்றங்கள் ஒப்புதல் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தன. நோயாளிகளும் பேசத் தொடங்கினார்கள்.

ஜப்பானில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. 1989 ஜனவரி 7-ஆம் நாள் பேரரசர் ஹிரோஹிட்டோ இறந்த பிறகுதான் அவருக்கு இருந்தது புற்றுநோய் என்று அரண்மனை மருத்துவர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். 1987-இல் அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து நாடே அவர் உடல்நிலைச் செய்தியைக் கவனித்துக்கொண்டிருந்தது. அரண்மனை நோயின் பெயரை மட்டும் வெளியிடவில்லை.

நம் பழைய நூல்களில் ஒன்றையும் இங்கே பார்க்க வேண்டும். மருத்துவம் பயிலவரும் மாணவனுக்குச் சரக சம்ஹிதை சொல்லும் உறுதிமொழிப் பகுதியில், நோயாளியின் ஆயுள் குறுகியது என்று தெரிந்தாலும் சொல்லாதே என்ற கட்டளை உண்டு. ஆனால் அது நிபந்தனையோடு வருகிறது. சொன்னால் நோயாளிக்கோ மற்றவர்க்கோ கேடு விளையும் இடத்தில் சொல்லாதே என்பதே அதன் முழு வடிவம். அந்த இடம் எது என்று பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை நூல் மருத்துவனிடம் விடுகிறது. இன்றைய நம் வழக்கத்தில் அந்தப் பார்வை கிடையாது. நோயாளியைச் சந்திப்பதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது.

சரி, குடும்பம் ஏன் மறைக்கிறது? அன்பு என்பது பதிலின் ஒரு பகுதிதான். சிகிச்சைக்குப் பணம் புரட்டுவது மகன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, நகையை அடகு வைப்பதா நிலத்தை விற்பதா என்று முடிவெடுப்பதும் அவரே. அப்பாவுக்குத் தெரிந்தால், "எனக்காக நிலத்தை விக்காதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்த பயம் நியாயமானது. ஏனென்றால் பல அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் மறைப்பின் வழியாக எடுக்கப்படுவது நோயாளியின் முடிவுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் ஊருக்குத் தெரியக்கூடாது என்ற கவலை வேறு சேர்ந்துகொள்கிறது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பித் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில், அப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் திராணி தனக்கு இல்லை என்பதும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மருத்துவருக்கும் இந்த ஏற்பாடு வசதி. அவர் வாசலில் நூறு பேர் டோக்கனோடு காத்திருக்கலாம். மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் பற்றி 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், சராசரி வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி வாழும் 18 நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். இந்தியா அந்த வரிசையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒருவரிடம் புற்றுநோய் என்று சொல்லி, அவர் அழுது, தேறி, கேள்வி கேட்டு எழுந்து போக முடியாது. போதாததற்கு, நாளை பிரச்சினை என்று வந்தால் சண்டைக்கு வருபவர் உறவினர்தான் என்பதும் மருத்துவருக்குத் தெரியும். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் அரசு மருத்துவமனைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளி ஒருவரின் மகன் பணியிடத்திலேயே கத்தியால் குத்தினார். அதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. ஆனால் அதன் பிறகு உறவினர் சொல்வதை மீறி நோயாளியிடம் பேச எத்தனை மருத்துவர்களுக்கு மனம் வரும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அங்கும் ஒரு குழப்பம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள், நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன. அதே மூச்சில், நோயாளியோ உறவினரோ பொறுப்பான நண்பர்களோ நிலைமையைத் தெரிந்துகொண்டிருக்கும்படி மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. மூவரையும் ஒரே வரியில் வைத்துவிட்டதால், உறவினரிடம் சொல்லிவிட்டாலே கடமை முடிந்தது என்று படிக்க அந்த விதியில் இடம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் அப்படிப் படிக்கவில்லை. சமீரா கோலி வழக்கு என்று மருத்துவச் சட்ட வட்டாரத்தில் அறியப்படும் 2008 ஜனவரி 16-ஆம் நாள் தீர்ப்பு இதில் முக்கியமானது. காரணம் கண்டறிய லேப்ராஸ்கோப்பி செய்வதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு அவசர ஆபத்து எதுவும் இல்லை. வயது வந்த, மனத்தெளிவுள்ள ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவர் சார்பில் தாய் ஒப்புதல் தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒப்புதல் செல்ல வேண்டுமானால் சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள், மறுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நோயாளிக்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அல்சர் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதர் கீமோவுக்குப் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பல இடங்களில் அந்தக் கையெழுத்தையும் மகனே போட்டுவிடுகிறார். 2018-இல் உயிருள்ளபோதே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 2023-இல் அதன் நடைமுறையைச் சுலபமாக்கியது. தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

ஆகவே சட்டம் நோயாளியின் பக்கம். ஆனால் தீர்ப்பைக் காட்டி மகனை வெளியே அனுப்பும் மருத்துவர் ஒரு வழக்கில் வேண்டுமானால் தப்பிப்பார். அந்தக் குடும்பத்தை இழந்துவிடுவார். அடுத்த வாரம் நோயாளி அங்கு வரமாட்டார். வேறு ஆஸ்பத்திரிக்கோ, மூன்று மாதத்தில் கரைத்துத் தருகிறேன் என்பவரிடமோ போயிருப்பார்.

மறைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. கட்டடத்தின் முகப்பிலேயே புற்றுநோய் மருத்துவமனை என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர், "உங்களுக்கு எத்தனாவது கீமோ?" என்று கேட்கிறார். தலைமுடி கொட்டுகிறது. "கரண்ட் வைக்க" வரச்சொல்கிறார்கள். அல்சருக்குக் கரண்ட் வைப்பதில்லை என்று கிராமத்துப் பெரியவருக்கும் தெரியும். நோயாளிகள் பலருக்குத் தெரிந்துவிடுகிறது என்றும், பிள்ளைகள் வருத்தப்படக்கூடாது என்பதற்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள் என்றும் நோய் ஆதரவு சிகிச்சையில் வேலை செய்பவர்கள் ஊர்தோறும் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் இரு தரப்பும் ஒருவருக்காக ஒருவர் நடிக்கிறார்கள். இராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, "சிஸ்டர், எனக்கு என்னம்மா வந்திருக்கு?" என்ற கேள்வி வார்டு செவிலியரிடம் வந்து விழுகிறது. அவருக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை. பொய் சொல்லப் பயிற்சியும் இல்லை.

இதில் இழக்கப்படுவது காலம். நிலத்தை யார் பேருக்கு எழுதுவது, பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு விடுவது, கடைசி நாட்கள் ஐ.சி.யூ-விலா சொந்த வீட்டுத் திண்ணையிலா என்பதெல்லாம் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள். அதோடு, முற்றிய நோய்க்கான ஆதரவு சிகிச்சையை ஆரம்பத்திலேயே தொடங்குவது வெளிப்படையான பேச்சு இல்லாமல் முடியாது. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. ஆதரவு சிகிச்சை பெற்றவர்கள் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சொன்னால் மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு நேரடியாகச் சோதிக்கவில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இதில் எதுவும் இல்லை.

அப்படியானால் அமெரிக்காவைப்போல் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டியதுதானா? அங்கிருந்து வரும் தரவுகளே தயங்க வைக்கின்றன. உடலில் பரவிவிட்ட நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சை நோயைக் குணமாக்க வாய்ப்பில்லை என்பதை நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 விழுக்காட்டினரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 விழுக்காட்டினரும் புரிந்துகொண்டிருக்கவில்லை. தங்கள் மருத்துவர் நன்றாகப் பேசுகிறார் என்று பாராட்டியவர்களிடம்தான் தவறான புரிதல் அதிகம். இனிமையாகப் பேசுவதும் தெளிவாகச் சொல்வதும் வேறுவேறு வேலைகள் என்பதற்கு இதைவிடச் சங்கடமான சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்களா என்பதும் முடிந்த கேள்வி இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு இனக்குழுக்களைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் நடந்த 1995 ஆய்வில், பரவிய புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் கறுப்பின அமெரிக்கர்களில் 88 விழுக்காடு, ஐரோப்பிய வம்சாவளியினரில் 87, மெக்சிகோ வம்சாவளியினரில் 65, கொரிய வம்சாவளியினரில் 47. கிழக்கத்தியர்கள் குடும்பத்திடம் விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு மேற்கோளாக இந்த ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். கொரியர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தெரிய வேண்டும் என்கிறார்கள். வெள்ளையர்களிலும் எட்டில் ஒருவராவது அப்படிச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் இனத்தையோ ஊரையோ வைத்து அவருக்கு என்ன வேண்டும் என்று ஊகிக்க முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து டொரண்டோவில் பணியாற்றிய ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவர், நகைச்சுவை நடிகராகவும் பெயர் பெற்றவர், கெட்ட செய்தியைச் சொல்வதைத் தனித் திறனாக வகுத்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆறு படிகள் இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. அவற்றில் சொல்லும் படி நான்காவதாகத்தான் வருகிறது. தனியிடத்தில் உட்காருவது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது ஆகிய மூன்றும் அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். நம் ஊர் ஓ.பி-யில் அது இப்படி இருக்கலாம்: "ஐயா, உங்க உடம்பு பத்தி இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க? ரிப்போர்ட் வந்தா உங்ககிட்டயே விவரமா சொல்லட்டுமா, பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" சில பெரியவர்கள், "அவன்கிட்டயே சொல்லிடுங்க, நீங்க பார்த்துச் செய்யுங்க" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அவர் தன் உரிமையை மகனிடம் ஒப்படைக்கிறார். அவரைக் கேட்காமலே மகன் அதை எடுத்துக்கொள்வது வேறு.

மகனிடம் பேசுவதற்கும் முறை உண்டு. நோய் ஆதரவு சிகிச்சையில் தேர்ந்தவர்கள் அவரோடு வாதிடுவதில்லை. எதற்காகப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்கிறார்கள். "அப்பா உங்ககிட்ட எதாவது கேட்டாரா? ராத்திரி தூங்கறாரா?" என்கிறார்கள். பிறகு, "நானா போய் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவரே என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அப்போ நீங்களும் பக்கத்துல இருங்க" என்று ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். பல மகன்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தேடுவது தாங்க முடியாத ஒரு பேச்சில் உடன் இருக்க ஓர் ஆள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நோயாளியைப் பேசவிட்டால் நிறுத்தமாட்டார் என்ற பயம் மருத்துவர்களிடம் பழையது. 1984-இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் 2002-இல் வெளியான ஆய்வில் மருத்துவர்கள் குறுக்கிடாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்கள். 335 நோயாளிகள் தாங்களாகவே பேசி முடிக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 விநாடி. நம் அரசு மருத்துவமனை ஓ.பி-யில் 92 விநாடியும் பெரிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா நோயாளிக்கும் இது தேவையில்லை. புதிதாகப் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மட்டும் கூட்டம் குறைந்த பிறகு ஒரு தனி வேளை ஒதுக்குவது இயலாத காரியம் இல்லை. மருத்துவர்தான் எல்லாவற்றையும் பேச வேண்டும் என்பதும் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண ஆதரவு இயக்கம், பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நம்பித்தான் கேரளம் முழுக்கப் பரவியது. 2008-இல் அந்த மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அங்கே முதலில் வலியைக் குறைத்தார்கள், பிறகு பேசினார்கள். வலியில் துடிப்பவரிடம் எந்த உண்மையையும் பேச முடியாது என்பதால் மார்ஃபின் மாத்திரை கிடைப்பதும் தகவல் தொடர்பின் ஒரு பகுதியே.

தமிழ்நாட்டில் அதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டு மாற்றும் செவிலியரிடம்தான் நோயாளிகள் மனம் திறக்கிறார்கள். அவருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் அதிகாரமும் பயிற்சியும் எழுத்தில் தரப்பட வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் புதிய பாடத்திட்டத்தோடு மனப்பாங்கு, அறம், தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான பாடமும் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் காலையில் வகுப்பில் அதைப் படித்த மாணவர், பிற்பகல் வார்டில் தன் பேராசிரியர் நோயாளியின் தலைக்கு மேலேயே ஆங்கிலத்தில் நோயைப் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வதைப் பார்த்தால், எதைக் கற்றுக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அரசும் மருத்துவமனைகளும் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புற்றுநோய் என்ற சந்தேகத்தில் பரிசோதனைக்கு வருபவரின் ஓ.பி. சீட்டில், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, "முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்த வரி இருந்தால் மகனுக்கும் மருத்துவருக்கும் சங்கடம் பாதி குறையும். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்: உங்களுக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் எவ்வளவு தெரிய வேண்டும், யார் மூலம் தெரிய வேண்டும் என்று. அப்பாவிடமும் அம்மாவிடமும் அதையே கேட்டுவையுங்கள்.